பக்கவாத்தியமாக இருக்க மறுத்தவர்



சாக்ஸபோன் என்றதும் இந்த அரங்கில் பாதிப் பேருக்குக் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். மீதிப் பேருக்கு ‘டூயட்’ படம் நினைவுக்கு வரும். அந்தப் படத்தில் வாசித்தவரும் அவரே என்பதால் இரண்டும் ஒன்றுதான். நான் பேச வந்திருப்பவர் கத்ரியைவிட அரை நூற்றாண்டு மூத்தவர். பெயர் சிட்னி பெஷே. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் போன் செய்தார்: “சாக்ஸபோனுக்குத் தகப்பன் கோல்மன் ஹாக்கின்ஸ் இல்லையா?” டெனர் சாக்ஸபோனுக்கு ஹாக்கின்ஸ்தான், சந்தேகமில்லை. பெஷே வாசித்தது வேறு. அதற்கு வருகிறேன்.

நான் அவரை முதலில் கேட்டது ஒரு கேசட்டில். இரண்டு நிமிடம் ஓடியிருக்கும்; ஸ்வரம் ஒவ்வொன்றும் நடுங்குகிறது. நாடா இழுபட்டுவிட்டது என்று நினைத்து கேசட்டை வெளியே எடுத்து, ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றி, மறுபடி போட்டேன். அதே நடுக்கம். நடுங்குவது நாடா இல்லை, ஆள் என்று அப்போதுதான் உறைத்தது. பிடிக்கவில்லை. தூக்கி வைத்துவிட்டேன். திரும்ப எடுத்துக் கேட்க மூன்று வருடம் ஆயிற்று. இன்று கேட்கும்போது உங்களில் சிலருக்கும் அப்படியே இருக்கலாம். பாதகமில்லை.

1897 மே 14, நியூ ஆர்லியன்ஸ். பிரெஞ்சு வழியும் ஆப்பிரிக்க வழியும் கலந்த கிரியோல் குடும்பம். அப்பா செருப்புத் தைப்பவர். அண்ணன் லியோனார்ட் கிளாரினெட் வைத்திருந்தார், பிற்பாடு பல் மருத்துவரானார். அண்ணன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத் தம்பி அதை எடுத்து ஊதிப் பழகினான். சுயசரிதையில் ஒரு சம்பவம் வருகிறது. வீட்டு விருந்துக்கு ஃப்ரெடி கெப்பார்டின் குழு வந்திருக்கிறது; கிளாரினெட்காரர் ஜார்ஜ் பாக்கே வந்து சேரத் தாமதம். பக்கத்து அறையில் ஒளிந்துகொண்டு பையன் தன்பாட்டுக்குக் குழுவோடு சேர்ந்து வாசிக்க, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய்ப் பிடித்தார்களாம். பாக்கேயே பிறகு அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சுயசரிதையை எழுத்துக்கு எழுத்து நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் வரும் தாத்தா கதை பெரும்பாலும் ஊர்ப் பழங்கதையை எடுத்துக் கோத்தது. ஆனால் கதை சொல்லத் தெரிந்த மனிதர். நொட்டேஷன் பார்த்து வாசிக்க மட்டும் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

அந்த ஊர் பேண்டில் யாருக்கு என்ன வேலை என்பது நம் கச்சேரி மேடை மாதிரி வகுத்துவைத்தது. மெட்டு கார்னெட்டுக்கு. டிராம்போன் அடியில் சறுக்கிச் சறுக்கித் தாங்கும். கிளாரினெட் மெட்டைச் சுற்றிக் கொடி படர்வதுபோல் மேலே ஓடும். அழகான வேலைதான். ஆனால் ‘கிங்’ என்ற பட்டம் எல்லாம் கார்னெட்காரர்களுக்கே போயிற்று: பட்டி போல்டன், கெப்பார்ட், ஜோ ஆலிவர். கிளாரினெட் வாசித்த எவரையும் ஊர் ராஜா என்று அழைக்கவில்லை.

பெஷேக்கு அந்த இடம் போதவில்லை. அவருடைய வாழ்க்கையின் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு பிடிவாதத்திலிருந்து வந்தவை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. மெட்டு தன்னுடையதாக இருக்க வேண்டும். பக்கவாத்தியமாக உட்கார முடியாது.

1919-இல் வில் மரியன் குக் என்ற கருப்பின இசையமைப்பாளர் ஒரு பெரிய குழுவை லண்டனுக்கு அழைத்துப் போனார். சதர்ன் சின்கோபேட்டட் ஆர்க்கெஸ்ட்ரா என்று பெயர். சிக்காகோவில் வாசித்துக்கொண்டிருந்த பெஷேயும் அதில் போனார். அந்தக் கோடையில் பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு முன் அந்தக் குழுவினர் வாசித்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம், குழுவைக் கேட்டவர்களில் எர்னஸ்ட் அன்செர்மே இருந்தார். ஸ்விட்சர்லாந்துக்காரர், பெரிய சிம்பனி நடத்துநர், ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையை மேடையேற்றியவர். அவர் ஒரு சுவிஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இந்த 22 வயது கிளாரினெட்காரரைத் தனியாகக் குறிப்பிட்டு, மேதை என்றே எழுதினார். ஜாஸ் கலைஞர் ஒருவரைப் பற்றி ஒரு தேர்ந்த இசை வல்லுநர் மெனக்கெட்டு எழுதிய முதல் கட்டுரைகளில் அது ஒன்று. அமெரிக்காவில் அப்போது அவர் பெயர் எந்த இசைத்தட்டிலும் கிடையாது.

லண்டனில்தான் அந்த வாத்தியம் அவர் கையில் வந்தது. வார்டர் தெருவில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நேரான சொப்ரானோ சாக்ஸபோன் ஒன்றைப் பார்த்தார், வாங்கினார். சாக்ஸபோனுக்கு அன்றைக்கு என்ன மரியாதை இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அடோல்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1846-இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ராணுவ பேண்டில் இடம் கிடைத்தது. அமெரிக்காவில் அது கோமாளி வாத்தியமாக இருந்தது. ‘சிக்ஸ் பிரவுன் பிரதர்ஸ்’ என்ற குழு கோமாளி வேஷத்தில் மேடையேறி அதை வாசித்துப் பேர் வாங்கியது. குதிரை கனைப்பது, கோழி கொக்கரிப்பது, ஆள் சிரிப்பது, இதெல்லாம் அதில் காட்டும் வித்தைகள். ஹாக்கின்ஸேகூடத் தன் ஆரம்பகாலப் பதிவுகளில் நாக்கால் ரீடைத் தட்டி ‘டொக், டொக்’ என்றுதான் வாசிக்கிறார். அவர் ஹாக்கின்ஸ் ஆனது பிறகு.

சொப்ரானோ அந்தக் குடும்பத்திலேயே அடங்காத பிள்ளை. இரண்டடிக்குச் சற்று அதிகமான நேரான பித்தளைக் குழல். வாய்ப்பக்கம் குறுகி, போகப் போக விரியும். உதட்டின் இறுக்கம் மயிரிழை மாறினால் சுருதி விலகிவிடும். பெஷேயின் அந்த நடுக்கம், சுருதி விலகுவதை மறைக்கும் உத்தி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கிளாரினெட்டிலும் அவர் அப்படியேதான் அசைக்கிறார். பாடகர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அது என்றே நினைக்கிறேன்.

அதன் அடங்காமையை அவர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், என் கணிப்பில், அதன் சத்தம். கிளாரினெட் எவ்வளவு ஊதினாலும் கார்னெட் அதை அமுக்கிவிடும். சொப்ரானோவை அமுக்க முடியாது. மெட்டைப் பிடுங்கிக்கொள்ள அவருக்கு ஆயுதம் கிடைத்துவிட்டது.

1922-இல் லண்டனில் ஒரு பெண்ணைத் தாக்கியதாகத் தண்டிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சுயசரிதையில் அவர் சொல்லும் விவரம் அவருக்குச் சாதகமானது, நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் முன்கோபத்தை நான் மூடி மறைக்கப் போவதில்லை.

ஆனால் அந்த நாடு கடத்தல்தான் அவரை நியூயார்க்கில் கொண்டுவந்து இறக்கியது. 1923 ஜூலை 30. கிளாரன்ஸ் வில்லியம்ஸின் ‘ப்ளூ ஃபைவ்’ குழுவோடு, ‘ஓகே’ இசைத்தட்டுக் கம்பெனிக்கு ஒரு பதிவு. மைக் வராத காலம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய புனல். அதற்கு முன்னால் ஆளுக்கொரு தூரத்தில் நிற்க வேண்டும். மெல்லிய வாத்தியம் கிட்டே, உரத்த வாத்தியம் எட்டி. புனலுக்குள் போகும் ஒலியின் பலத்திலேயே ஊசி அசைந்து மெழுகுத் தட்டில் கீறும். தட்டுக்கு மூன்று நிமிடம். யாராவது பிசகினால் தட்டை மாற்றி, முதலிலிருந்து. அப்படிப் பதிந்த ‘வைல்ட் கேட் ப்ளூஸ்’ கேட்டால் அந்தக் குழுவில் கார்னெட் இருந்ததா என்றே சந்தேகம் வரும். இருந்தது, தாமஸ் மாரிஸ் வாசித்தார். பெஷே அவரை முழுங்கிவிட்டார். சாக்ஸபோனில் ஒரு ஆள் தன் மனோதர்மத்தை முழுசாகக் காட்டிய முதல் ஜாஸ் இசைத்தட்டு எது என்று கேட்டால் நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

தாமஸ் மாரிஸை முழுங்கலாம். அடுத்த ஆண்டு அதே குழுவில் கார்னெட்டோடு வந்து நின்றவர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்.

அதே ஊர்க்காரர், நான்கு வயது இளையவர். ஒரு உறையில் இரண்டு கத்தி. ‘கேக் வாக்கிங் பேபீஸ் ஃப்ரம் ஹோம்’ என்ற ஒரே பாட்டை இருவரும் மூன்று வாரத்துக்குள் இரண்டு கம்பெனிகளுக்கு வாசித்தார்கள். முதல் பதிவு 1924 டிசம்பர் 22-இல், ‘ரெட் ஆனியன் ஜாஸ் பேபீஸ்’ என்ற பெயரில். அடுத்தது 1925 ஜனவரி 8-இல், ப்ளூ ஃபைவ் பெயரில். இரண்டையும் வரிசையாகப் போடச் சொல்கிறேன். இரைச்சல் அதிகம், முதல் அரை நிமிடம் காது பழகும்வரை பொறுங்கள். முதலாவதில் உச்சிக்குப் போகும் குழலைப் பின்தொடருங்கள். இரண்டாவதில், பாட்டு முடியப் போகும்போது எல்லோரும் சட்டென்று நின்று ஒருவருக்கு மட்டும் வழிவிடும் இடங்களைக் கவனியுங்கள்.

(இரண்டு பதிவுகளும் அரங்கில் ஒலிபரப்பப்பட்டன.)

முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. டிசம்பரில் பெஷே ஜெயிக்கிறார். ஜனவரியில் ஆர்ம்ஸ்ட்ராங் அந்த இடைவெளிகளில் எகிறிக் குதித்து ஆட்டத்தைக் கொண்டுபோய்விடுகிறார். பெஷே விட்டுக்கொடுத்துவிடவில்லை, கடைசி அடிவரை முண்டுகிறார். பதினேழு நாளில் ஒரு மனிதன் அவ்வளவு வளர முடியுமா என்றால், எதிரே நின்றவன் அப்படிப்பட்டவன்.

இதற்குப் பிறகு நடந்ததைத் தேதிகளோடு பாருங்கள். 1925 செப்டம்பரில் பெஷே ‘ரெவ்யூ நேக்ர்’ நாடகக் குழுவோடு கப்பலேறி பாரிஸ் போனார். ஜோசஃபைன் பேக்கர் புகழ்பெற்ற குழு அது. ஷான்ஸெலிஸே நாடக அரங்கில் அக்டோபரில் தொடக்கம். ஒரு காட்சியில் பெஷே தள்ளுவண்டிக் கடைக்காரனாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, நிறுத்திவிட்டு வாசிப்பார். நவம்பரில் சிக்காகோவில் ஆர்ம்ஸ்ட்ராங் தன் ‘ஹாட் ஃபைவ்’ பதிவுகளைத் தொடங்கினார். தனி வாசிப்பு என்றால் என்ன என்று உலகத்துக்குக் காட்டியவை என்று எந்த ஜாஸ் வரலாற்றுப் புத்தகத்திலும் முன்பக்கத்தில் இருப்பவை அந்தத் தட்டுகள். அவை ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தபோது பெஷே பாரிஸிலும் மாஸ்கோவிலும் ஜெர்மனியிலும் வாசித்துக்கொண்டிருந்தார். காற்றோடு போயிற்று அத்தனையும். அடுத்த ஆறு ஆண்டுகளில் அவர் தட்டில் ஏறியதே அரிது. வரலாறு எழுதுகிறவர்கள் கேட்டதைத்தான் எழுத முடியும்.

1928 டிசம்பரில் பாரிஸின் மோன்மார்த்தரில், விடியற்காலையில், பாஞ்சோ வாசிக்கும் மைக் மெக்கென்ட்ரிக்கும் பெஷேயும் தெருவில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். பெஷே ஒரு கார்டை, அதாவது ஸ்வரக் கூட்டை, தப்பாக வாசித்தார் என்று யாரோ சொன்னதால் சண்டை என்பது இசைக்காரர்கள் வட்டாரத்தில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. குண்டு பட்டது சண்டைக்குச் சம்பந்தமில்லாதவர்கள்மேல். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பதினொரு மாதம் சிறை, பிறகு நாட்டைவிட்டு வெளியேற்றம். இரண்டு நாடுகள் அவரைத் துரத்தியாயிற்று.

அமெரிக்கா திரும்பியபோது பொருளாதாரப் பெருமந்தம். 1932-இல் டிரம்பெட்காரர் டாமி லாட்னியரோடு சேர்ந்து ‘நியூ ஆர்லியன்ஸ் ஃபீட்வார்மர்ஸ்’ என்று ஒரு குழு அமைத்து, செப்டம்பரில் ஒரே நாளில் ஆறு பாட்டுகள் பதிந்தார்கள். ‘மேப்பிள் லீஃப் ராக்’ அதில் ஒன்று. வெறிபிடித்த வாசிப்பு. வாங்கத்தான் ஆள் இல்லை. அடுத்த ஆண்டு இருவரும் ஹார்லெமில் ஒரு கடை போட்டார்கள்: சதர்ன் டெய்லர் ஷாப். பெஷே துணிக்கு இஸ்திரி போட்டார், கிழிசல் தைத்தார். லாட்னியர் ஷூ பாலிஷ் போட்டார். சாயங்காலமானால் கடையின் பின்கட்டில் வாசிப்பு. பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்திலிருந்து இஸ்திரி மேஜைக்குப் பதினான்கு வருடம். செருப்புத் தைத்தவர் மகனுக்கு அதில் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

மீட்டவர்கள் பழைய ஜாஸைத் தேடி அலைந்த ரசிகர்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஆல்ஃப்ரெட் லயன் 1939-இல் ‘ப்ளூ நோட்’ என்ற சின்னக் கம்பெனியைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூனில் அவருக்காகப் பெஷே ‘சம்மர்டைம்’ வாசித்தார். கெர்ஷ்வின் எழுதிய தாலாட்டு. பன்னிரண்டு அங்குலத் தட்டு, ஆகவே நான்கு நிமிடத்துக்கு இடம் இருந்தது. அவசரமே இல்லை. அடிக்குரலில் தொடங்கி, ஒரு கார்வையைப் பிடித்து வளைத்து, அதை உடையும் அளவுக்கு நிறுத்தி, மேலே போகிறார். நான் மூன்று வருடம் ஒதுக்கிவைத்த அந்த நடுக்கம் இங்கே அழுகையாகிவிடுகிறது. என்னை மாற்றியது இந்தத் தட்டுதான். அந்தக் கம்பெனிக்கு முதலில் விற்றதும் இதுவே.

1940 மே மாதம் டெக்கா கம்பெனி அவரையும் ஆர்ம்ஸ்ட்ராங்கையும் மறுபடி ஒரே அறையில் நிறுத்தியது. ஆர்ம்ஸ்ட்ராங் அப்போது சினிமாவில் நடிக்கும் நட்சத்திரம். நல்ல தட்டுகள்தான், ஆனால் சிரித்துப் பேசிக்கொண்டு வாசித்ததாகத் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு வந்த ஒரு தட்டைப் பற்றி யோசித்து நான் அடிக்கடி சிரிப்பேன். 1941 ஏப்ரல், விக்டர் கம்பெனி, ‘த ஷீக் ஆஃப் அராபி’. சொப்ரானோ, கிளாரினெட், டெனர் சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ். ஆறு வாத்தியம், வாசித்தவர் ஒருவர். காந்த நாடா ஸ்டூடியோவுக்கு வராத காலம். ஒரு வாத்தியத்தைத் தட்டில் பதிவார்கள். அந்தத் தட்டை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து அடுத்ததை வாசித்து, இரண்டையும் புதுத் தட்டில் பதிவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முதலில் வாசித்தது மங்கிக்கொண்டே போகும். ஒருவரே தன் வாசிப்பின்மேல் வாசித்துப் பதிந்த மிக ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று என்று தொழில்நுட்ப வரலாறு அதைக் குறிக்கிறது. எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. கடைசியில் மெட்டுக்குப் போட்டிக்கு வராத ஒரு குழு அவருக்குக் கிடைத்துவிட்டது. இசையாகக் கேட்டால் சுமார்தான்.

1949 மே மாதம் பாரிஸில் சால் ப்ளேயேல் அரங்கில் சர்வதேச ஜாஸ் விழா. சார்லி பார்க்கர், இளைஞர் மைல்ஸ் டேவிஸ், இவர்களோடு 52 வயதாகப் போகும் பெஷே. இருபது வருடத்துக்கு முன் விரட்டிய ஊர் எழுந்து நின்று கை தட்டியது. பெஷே அங்கேயே குடியேறினார். 1951-இல் அந்தீப் நகரில் கல்யாணம். ஜெர்மனியில் இருபது வருடத்துக்கு முன்பே பழகிய பெண். தெருவெல்லாம் பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம். அதோடு பாரிஸ் பக்கம் இன்னொரு குடும்பமும் இருந்தது, ஒரு மகனும் பிறந்தான். பிரெஞ்சுக்காரர்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ‘வெங்காயங்கள்’ என்று பொருள்படும் ‘லெ ஸோன்யோன்’ பாட்டும், 1952-இல் அவர் இயற்றிப் பதிந்த ‘பெதீத் ஃப்ளர்’, அதாவது ‘சின்னப் பூ’வும் ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளிலும் ஒலித்தன. 1955-இல் பாரிஸ் ஒலிம்பியாவில் கொடுத்த இலவசக் கச்சேரியில் இடம் கிடைக்காத கூட்டம் நாற்காலிகளை உடைத்தது.

அவர் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்ட காலம் அது. பின்னால் வாசித்தவர்கள் கிளோட் லூத்தர் போன்ற பிரெஞ்சு இளைஞர்கள். அவரைக் கும்பிட்டார்கள், அவர் கை காட்டிய இடத்தில் வாசித்தார்கள். மெட்டு முழுக்க அவருடையது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்தப் பத்து வருடப் பதிவுகளில் பாதியை நான் திரும்பக் கேட்பதில்லை. தொனி அதே தொனி, மூச்சு அதே மூச்சு. எதிரே ஆள் இல்லை. சற்று முன் நீங்கள் கேட்ட அந்த டிசம்பர் தட்டில் 27 வயதுக்காரர் வாசித்ததற்குப் பக்கத்தில் அவை நிற்காது. யாரோடு ஒத்துப்போக முடியாமல் திணறினாரோ, அவரோடு நின்றபோதுதான் பெஷே தன்னை மிஞ்சினார்.

அவருக்குப் பின் வந்தவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜானி ஹாட்ஜஸ் இளம் வயதில் அவரிடம் பாடம் கேட்டவர். எலிங்டன் குழுவின் ஆல்ட்டோ சாக்ஸபோனில் பல பத்தாண்டு ஒலித்த குழைவில் பெஷேயின் சாயல் உண்டு. 1940-களின் நடுவில் புரூக்ளின் வீட்டு வாசலில் இசைப்பள்ளி என்று பலகை மாட்டிக்கொண்டு பெஷே உட்கார்ந்திருந்தபோது பாப் வில்பர் என்ற இளைஞன் வந்து, வீட்டோடு தங்கி, குருகுலவாசம் மாதிரி கற்றுக்கொண்டான். ஸ்டீவ் லேசி பெஷேயின் ஒரு தட்டைக் கேட்டுத்தான் சொப்ரானோவை எடுத்தார். ஜான் கோல்ட்ரேன் 1960-இல் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பதிந்தபோது அந்த வாத்தியத்தை ஏறக்குறைய எல்லோரும் மறந்திருந்தார்கள். அதே ஆண்டு அவர் பதிந்த இன்னொரு பாட்டுக்கு ‘ப்ளூஸ் டு பெஷே’ என்று பெயர் வைத்தார்.

சிட்னி பெஷே 1959 மே 14 அன்று, தம் 62-ஆவது பிறந்தநாளில், பாரிஸுக்கு அருகே கார்ஷ் என்ற ஊரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் ‘பெதீத் ஃப்ளர்’ இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடைகடையாக விற்றது; வாசித்தது கிறிஸ் பார்பரின் ஆங்கிலேயக் குழு, வாத்தியம் கிளாரினெட்.

பிரான்ஸில் ழுவான் லெ பானில் கடலோரப் பைன் மரங்களுக்கு நடுவே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பிறந்த ஊரான நியூ ஆர்லியன்ஸிலும் ஒரு மார்பளவுச் சிலை உண்டு. அது இருக்கும் இடத்தின் பெயர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பூங்கா.